அஞ்சாறு தடவை கழிக்கணும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்கில் பாண்டிச்செல்விக்கு வைத்த பெயர் குருமுளகு. மலையாளத்தில் அது மிளகு. கறுப்பு, குட்டை, கடித்த பிறகுதான் காரம் தெரியும் என்று பெயர் வைத்தவள் விளக்கம் சொன்னாளாம். பாண்டிச்செல்விக்கு அந்த விளக்கத்தில் மட்டும் சம்மதமில்லை. "கடிக்கிற வரைக்கும் நான் என்ன காத்துக்கிட்டா இருப்பேன்?" என்பாள்.

பன்னிரண்டு வருஷமாக அங்கே சுக்கு தரம் பிரிக்கிறாள். சாக்கை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, முழு விரல் ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். வாய் சண்டை போடும். முற்றத்தில் காயப் போட்ட சுக்கின் மேல் வண்டியை ஏற்றிய லாரிக்காரனை, இறங்கி ஒவ்வொரு துண்டாகப் பொறுக்க வைத்திருக்கிறாள். மகள் ரோஜாவின் பள்ளிக்கூடத்தில் "அந்தத் தமிழத்தியோட பொண்ணு" என்று சொன்ன டீச்சரிடம் போய், "என் பேர் பாண்டிச்செல்வி. சொல்லுங்க டீச்சர்" என்று நின்றாள். டீச்சர் மூன்றாவது முறைதான் சரியாகச் சொன்னார். அதுவரை நகரவில்லை.

இந்தக் கோபமெல்லாம் வந்த வேகத்தில் போய்விடும். போகாத கோபம் ஒன்றே ஒன்று. அதன் பெயர் ரமேஷ்பாபு. கூடப் பிறந்த தம்பி.

இருபத்தோரு வயதில் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களோடு தோப்பும்படிக்கு இறால் உரிக்க வந்தவள் இவள். இறாலுக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் கொண்டு வந்தவன் சேவியர், வைப்பின்காரன், சத்தமில்லாத ஆள். இரண்டு வருஷம் ஐஸ் கொண்டு வந்தான். அப்புறம் கல்யாணம். அப்போது கண்டக்டர் லைசென்ஸைப் புதிதாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்த தம்பி, ஊர் மடத்தில் நாலு பேர் கேட்க, "எனக்கு அக்கா கிடையாது" என்றான். சொன்னதைப் பதினேழு வருஷம் காப்பாற்றினான். அம்மா இறந்ததைக்கூட இவளுக்கு அவன் சொல்லவில்லை. அடுத்த தெருக்காரர் ஒருவர் போன் பண்ணினார். இவள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா சுப்புராஜ் மட்டும் வருவார். வருஷத்துக்கு ஒரு முறை, மகனிடம் திருச்செந்தூர் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சேவுப் பொட்டலத்தோடு எர்ணாகுளத்தில் வந்து இறங்குவார். "முருகன் நல்லா இருக்கானா?" என்று கேட்டபடி வாசலில் சேவியர் பையை வாங்கிக்கொள்வான். அப்பா தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர். எதையும் வெளியே காட்டாத மனுஷன். அதுதான் இந்த முறை வினையாகிவிட்டது.

நாலு வருஷமாக அவருக்குக் குடல் இறக்கம். யாரிடமும் சொல்லாமல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறார். இந்தத் தடவை சுள்ளிக்கலில் மகள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், தெருக்குழாயில் பிடித்த குடத்தைத் தூக்கப்போய், தூக்கினபடியே உட்கார்ந்துவிட்டார். வாந்தி. பச்சை நிறம். எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது குடல் சிக்கி, ஒரு சாண் நீளம் கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்து, மீதியை ஒட்டித் தைத்தார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் பாண்டிச்செல்வியைத் தனியாக அழைத்துச் சொன்னது ஒன்றுதான். உள்ளே ஒட்டின இடம் பிரிந்தால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். எழுபத்திரண்டு வயது, இதயமும் அவ்வளவு சுகமில்லை; இரண்டாவது முறை இந்த உடம்பு தாங்கும் என்று அவரால் சொல்ல முடியாது. முக்கக் கூடாது. பளு தூக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும்.

நர்ஸ் விவரமெல்லாம் மலையாளத்தில் சொல்ல, ரோஜா ஒரு முழு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டாள். எந்த மாத்திரை எப்போது, கஞ்சி எத்தனை முறை, மலம் இரண்டு மூன்று நாள் போகாவிட்டால் பயப்படாதே, கொடுத்த சிரப் போதும், வேறெதுவும் கொடுக்காதே. பதினோரு வரி. எல்லாம் மலையாள எழுத்து. ரோஜாவுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத வராது. தாத்தாவுக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. தாளைக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினபோது, "தமிழ்ல ஒண்ணு எழுதி ஒட்டுறேன்பா" என்று பாண்டிச்செல்வி சொன்னாள். சொன்னாள், அவ்வளவுதான். வேலை மேல் வேலை. எழுதவில்லை.

மறுநாள் தம்பி வந்து இறங்கினான்.

திருச்செந்தூர் போன அப்பா பதினைந்து நாளாகத் திரும்பவில்லை என்று தேடி, கடைசியில் சேவுக் கடைக்காரரிடம் உண்மையைப் பிடுங்கி வந்திருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணுன்னா சொல்றதுக்கு எனக்கு ஒரு போன் இல்லையா? இல்ல, சொல்லக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அந்த 'யாராவது' இரண்டடி தள்ளி அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"போன்ல சொல்றது எங்க குடும்பத்துல வழக்கம் இல்லப்பா," என்றாள், கஞ்சியைப் பார்த்து. "செத்தாக்கூட சொல்ல மாட்டோம்."

சுப்புராஜ் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினார். இருமல் வந்ததா, வரவழைத்தாரா என்று தெரியவில்லை.

அக்கா என்று அவன் கூப்பிடவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் அப்பா வழியாகக் கேட்டான். "அப்பா, ஃபேன் சுவிட்ச் எதுன்னு கேளுங்க." வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டில் வாங்கி வந்தான். சாப்பாட்டுக்குத் தமிழ்க்காரர் மெஸ் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து மூன்று வேளையும் நடந்தான்.

"உங்க வீட்டுத் தண்ணியில உப்பு ஜாஸ்தின்னு நெனைக்கிறான் போல," என்றார் சுப்புராஜ் சேவியரிடம்.

"உள்ளதுதான் மாமா. கடல் பக்கமில்லையா," என்றான் சேவியர்.

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் ஐஸ் பிளான்டுக்கு விடியும் முன் போகிறவன், மகளுக்குப் பரீட்சை, தானும் பதினான்கு நாள் லீவு போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை கிடங்குக்குப் போயே ஆக வேண்டும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அந்த ஒரே காரணத்துக்காக அவனை வீட்டில் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரோஜாவை விட்டுத் தாளில் உள்ளதை அவனுக்குப் படித்துக் காட்டச் சொன்னாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "மலையாளம் எனக்குத் தண்ணி பட்ட பாடும்மா. செங்கோட்டை–புனலூர் வண்டியில அஞ்சு வருஷம் போனவன். டிக்கெட் கிழிச்சே கத்துக்கிட்டேன்." ரோஜா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று தன் போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பத்தரை மணிக்கு நர்ஸ் கூப்பிட்டாள். நல்ல பெண். மூன்றாம் நாள் விசாரிப்பது அவர்கள் வழக்கம். ரமேஷ்பாபு ஸ்பீக்கரில் போட்டான்.

"சுப்புராஜிண்ட வீடல்லே? அச்சன் கழிச்சோ?"

அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாள். மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. ரமேஷ்பாபுவுக்கு அது தெரியாது. சாத்தூரில் கழித்தால் வேறு. அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பாவும் அதே அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டார். இல்லை என்று தலையாட்டினார்.

"ரெண்டு நாளா கழிக்கல சிஸ்டர்."

அந்தப் பக்கம் பதறிப் போனாள். "ரண்டு திவசமாயிட்டு கழிச்சில்லே?"

திவசம் என்றதும் ரமேஷ்பாபுவுக்கு மூக்கு விடைத்தது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்குத் திவசமா? வாயைத் திறக்கப்போனவன் நிறுத்திக்கொண்டான். புனலூரில் டைம் கீப்பர் தினமும் சொல்லிக் கேட்ட வார்த்தை. அவர்களுக்குத் திவசம் என்றால் நாள். எவ்வளவு பெரிய சண்டையைத் தன் மலையாளம் தடுத்தது என்று அவனுக்கே ஒரு பெருமை. அந்தப் பெருமையோடுதான் மீதியைக் கேட்டான்.

நர்ஸ் நிதானமாகச் சொன்னாள்: நல்லோணம் கழிக்கணும். குறச்சு குறச்சாயிட்டு, திவசம் அஞ்சாறு ப்ராவசியம் கழிக்கணும். மடி காணிச்சால் நிர்பந்திச்சு கழிப்பிக்கணும். எந்நிட்டும் கழிச்சில்லெங்கில் நாளெ இங்கோட்டு கொண்டு வரணும்.

கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சாப்பிட வேண்டும், மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைக்க வேண்டும், அப்படியும் முடியாவிட்டால் நாளைக்கே கூட்டி வரவேண்டும் என்பது அதற்குப் பொருள். ரமேஷ்பாபு ஒரு வார்த்தை விடாமல் மனதில் வாங்கிக்கொண்டான். கண்டக்டர் மூளை. பேனாவை எடுத்து, ரோஜாவின் தாளுக்கு மேலேயே இன்னொரு தாளை ஒட்டி, கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினான்:

தினமும் 5, 6 தடவை கழிக்கணும். போகலேன்னா கட்டாயப்படுத்திக் கழிக்க வைக்கணும் – நர்ஸ் உத்தரவு.

மருந்துக்கடை தெரு முனையில். பேதி மாத்திரை என்று கேட்டு வாங்கினான். போதாதென்று விளக்கெண்ணெயும்.

மூன்று மணிக்கு ரோஜா கிடங்கு வாசலில் நின்றாள், பரீட்சை எழுதிய கையோடு, சீருடையில், மூச்சு வாங்க. மேஸ்திரி கிருஷ்ணபிரசாத் உள்ளே குரல் கொடுத்தார். பாண்டிச்செல்வி எழுந்த வேகத்தில் பிரித்து வைத்த மூன்று குவியலும் ஒன்றாகக் கலந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாடை சொல்லிவிட்டது. அப்பா குளியலறை வாசலில் சுவரோடு சாய்ந்து கிடந்தார். உதடு வெள்ளை. கண் செருகியிருந்தது. இரண்டு கையாலும் தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொண்டிருந்தார். அதை மட்டும் விடவில்லை. கட்டுத்துணியில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சிவப்பு. ரமேஷ்பாபு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு, அழுகிற முகத்தில் நின்றான்.

"எத்தனை தடவை?" என்றாள்.

"பதினொண்ணு."

"என்ன கொடுத்த?"

அவன் சுவரைக் காட்டினான். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். தமிழ்தான், ஒன்றும் விளங்கவில்லை. எந்த நர்ஸ் இப்படிச் சொல்வாள்? யோசிக்க நேரமில்லை. ஆம்புலன்ஸ் அந்தச் சந்துக்குள் வராது. முனையில் நின்ற ஆட்டோவைப் பின்பக்கமாகவே உள்ளே வரச் சொல்லி, அப்பாவை இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். ரோஜா வீட்டைப் பார்த்துக்கொண்டு, சேவியருக்குப் போன் செய்ய நின்றாள்.

தோப்பும்படிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அப்பாவின் தலை இவள் தோளில் கனத்தது.

"யாரு சொன்னா உனக்கு?"

"நர்ஸ்தான் சொல்லுச்சு. நான் என்ன சும்மாவா கொடுப்பேன்?"

"அவ சொன்னதை அப்படியே சொல்லு. உன் தமிழ்ல வேண்டாம். அவ வாயால வந்த மாதிரி."

சொன்னான். கண்டக்டர் மூளையில்லையா, ராகம் கூடப் பிசகாமல் சொன்னான். நல்லோணம் கழிக்கணும். திவசம் அஞ்சாறு ப்ராவசியம் கழிக்கணும். நிர்பந்திச்சு கழிப்பிக்கணும்.

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். "சேச்சி, அது ஊணு கழிக்கான் பறஞ்ஞதல்லே? சாப்பாடு. சாப்பாடு கழிக்க." அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவரு அச்சனெ..."

"முன்னால பாத்து ஓட்டுங்க சேட்டா," என்றாள் பாண்டிச்செல்வி. அந்தக் குரலில் அவர் சிரிப்பு அணைந்துபோனது. ஹாரனை அமுக்கிக் கொண்டே போனார்.

ரமேஷ்பாபுவின் வாய் திறந்தபடி நின்றது. அவள் திட்டப் போகிறாள் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டான். அவளுக்கும் திட்டுதான் வந்தது, தொண்டை வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் வேறொன்று குறுக்கே நின்றது.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், வைப்பினில், சேவியரின் அம்மா வீட்டு வாசல். புதுப்பெண்ணாக உள்ளே கால் வைத்ததும் அந்தம்மா வாஞ்சையாகக் கையைப் பிடித்துக் கேட்டது: "கழிச்சோ மோளே?" கூட்டத்துக்கு நடுவில். இவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. தலையைக் குனிந்துகொண்டு, "இல்லம்மா, இங்க எங்கே போகணும்னு தெரியல" என்றாள். அந்தம்மா உடனே கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்த இடம், இலை போட்ட பந்தி. அன்றைக்கு இரவு சேவியர் விளக்கிச் சொன்னபோது சிரித்த சிரிப்பை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அந்தக் கதையை ரசித்துக் கேட்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவன் போனை எடுக்கவில்லை.

"இந்த ஒத்தை வார்த்தை," என்றாள். பற்களுக்கு நடுவிலிருந்து வந்தது. "என் கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரியும்டா. உங்கிட்ட சொல்லணும்னு அன்னைக்கே போன் போட்டேன். நீ எடுத்திருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும். நாள் முழுக்க சிரிச்சிருப்ப. இன்னைக்கு அப்பாவுக்கு வெளக்கெண்ண ஊத்தியிருக்க மாட்ட."

"அக்கா..." என்றான்.

அவளுக்கு வெறி ஏறியது. பதினேழு வருஷம் கழிச்சு, பாலத்து நடுவில், அப்பா சாகக் கிடக்கும்போதுதான் அந்த வார்த்தை இவனுக்கு வருகிறது. "வாயை மூடு. அவர் தலையைப் பிடி. வண்டி குலுங்குது."

பிடித்தான். ஆஸ்பத்திரி வாசல் வரை விடவில்லை.

அவசரப் பிரிவில் நர்ஸ் ஒருத்தி விவரம் கேட்டு எழுதினாள். பதினோரு தடவை என்றதும் பேனா நின்றது. வயிறிளகுவதற்கு யார் மருந்து கொடுத்தது என்று கேட்டாள். பாண்டிச்செல்வி தம்பியைக் காட்டியிருக்கலாம். காட்டத்தான் கை எழுந்தது. அவன் அதற்குள், "நான்தான். எனக்கு மலையாளம் தெரியாது" என்று தமிழில் சொன்னான். அந்த வாயிலிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்காத வாக்கியம். நர்ஸுக்குப் புரியவில்லை. பாண்டிச்செல்வி மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"அறியில்லெங்கில் சோதிச்சூடே?" என்றாள் நர்ஸ்.

"என்ன சொல்லுது?" என்றான்.

"தெரியலேன்னா கேக்க வேண்டியதுதானேன்னு சொல்லுது," என்றாள். "எனக்கும் அதே சந்தேகம்தான்."

பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றினார்கள். ஸ்கேனுக்குக் கொண்டு போனார்கள். சேவியர் ஐஸ் பிளான்டிலிருந்து நனைந்த சட்டையோடு வந்து நின்றான். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். உள்ளே ஒட்டின இடம் பிரியவில்லை. வெளித்தையலில் ஒரு இடம் மட்டும் லேசாக விட்டிருக்கிறது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் தான் பொறுப்பில்லை என்றார். இரண்டு நாள் இங்கே இருக்கட்டும். தையல் பிரிப்பது ஒரு வாரம் தள்ளி.

பாண்டிச்செல்வி அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், இவ்வளவு நேரம் அடக்கி வைத்தது வேறு பக்கம் திரும்பியது. தமிழில் ஒரு தாள் எழுதி ஒட்ட எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? பதினோரு வரி. அடுப்பில் கஞ்சி கொதிக்கிற நேரம் போதும். இவனிடம் தமிழ்த்தாளை நீட்டி, படி என்று சொல்ல மனசு வரவில்லை. அவன் வந்து கேட்கட்டும் என்று இருந்தாள். அவன் அப்பா வழியாகப் பேசினான் என்றால், இவளும் மகள் வழியாகத்தானே பேசினாள்? தன் மேல் வருகிற கோபத்தை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. பழக்கமில்லை. எழுந்து போய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

புதன்கிழமை அப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வந்ததும் அவள் செய்த முதல் வேலை, ஒரு முழுத்தாளையும் பேனாவையும் தம்பி முன்னால் வைத்தது.

"எழுது. நான் சொல்றேன்."

ரோஜாவின் தாள் மேலே ஒட்டியிருந்த அவனுடைய தாளை ஓரமாக நகர்த்தி ஒட்டினாள். ரோஜா மலையாளத்தில் படிக்க, பாண்டிச்செல்வி தமிழில் சொல்ல, ரமேஷ்பாபு எழுதினான். நாலாவது வரிக்கு வந்தபோது ரோஜா நிறுத்தி நிதானமாகப் படித்தாள்: "கஞ்ஞி, திவசம் அஞ்சு ப்ராவசியம் கழிக்கணம்."

பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"சாப்பிடணும்னு எழுதட்டா?" என்றான் ரமேஷ்பாபு.

"வேற எப்படி எழுதுவ?"

கட்டிலிலிருந்து சுப்புராஜ், "எதுக்கும் ரெண்டு தடவை எழுதச் சொல்லு" என்றார். சேவியர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. பாண்டிச்செல்வி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். குலுங்கல் நின்றது.

ரமேஷ்பாபு டிப்போவுக்கு லீவு சொல்லி ஒரு வாரம் கூட இருந்தான். தாளில் இருந்தபடி கஞ்சி வைத்தான், கட்டம் போட்டு டிக் அடித்தான், அப்பாவை அறைக்குள்ளேயே கை பிடித்து நடக்க வைத்தான். அவன் நன்றாகப் பார்த்துக்கொண்டான். அது இவளுக்கு இன்னும் கோபம். இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவன்தானே, அம்மா படுத்திருந்தபோது தன்னையும் கூப்பிட்டிருக்கலாமே? அதை ஒரு நாள் கேட்டும்விட்டாள், துணி காயப்போடும்போது. அவன் ஈர வேட்டியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தான். பிழிந்துகொண்டே நின்றான், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும்.

மெஸ்ஸுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் அங்கே கதவு சாத்தியிருந்தது. திரும்பி வந்து, தன் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தான். பாண்டிச்செல்வி கிடங்கிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தவள், அவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்து, நடுக்கூடத்தில் நின்று கேட்டாள்.

"கழிச்சோ?"

நல்ல மலையாளத்தில். ராகம் பிசகாமல்.

அவன் காதெல்லாம் சிவந்தது. "இல்லக்கா," என்றான்.

தட்டை அவன் முன்னால் வைத்தாள். வைத்தாள் என்று சொல்வதைவிடப் போட்டாள் என்பதுதான் சரி. சத்தம் தெரு வரை கேட்டிருக்கும். மரவள்ளிக் கப்பையும் மீன் குழம்பும். சேவியர் செய்தது. அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டாவது தடவை வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை தையல் பிரித்தார்கள். அப்பாவை டாக்டர் எழுந்து நிற்கச் சொன்னார், இருமச் சொன்னார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நல்லபடியாக ஆறியிருக்கிறது என்றார். புறப்படும்போது வார்டு நர்ஸ் ஓடி வந்து சுப்புராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, "அச்சன் நல்லோணம் கழிக்குந்நுண்டோ?" என்று கேட்டாள். சுப்புராஜ் மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு நர்ஸிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "எதைக் கேக்கிறம்மா? முதல்ல அதைச் சொல்லிரு."

இன்னும் ஒரு மாதம் பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அப்பா மகள் வீட்டிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. வேறெங்கே என்று யாரும் கேட்கவில்லை. ரமேஷ்பாபு வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ்ஸுக்குப் பையைக் கட்டினான். அப்பாவிடம் சொல்லிக்கொண்டான். பிறகு சுவருக்குப் போய், ஓரமாக ஒட்டியிருந்த தன் பழைய தாளின் முனையை நகத்தால் கிளப்பினான்.

"அதை விடு," என்றாள் பாண்டிச்செல்வி.

"எதுக்கு இது இன்னும்? போறவன் வர்றவன்லாம் பாப்பான்."

"பாக்கட்டும்."

"கேவலமா இருக்குக்கா."

"இருக்கட்டும். நீ அடுத்த தடவை வர்றப்போ இது இங்கதான் இருக்கும். அதுக்கடுத்த தடவையும்." கிளம்பியிருந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். "சித்திரையில அப்பா ஊருக்கு வருவாரு. கூட்டிட்டுப் போக நீ வரணும். வரலேன்னா, இதை போட்டோ புடிச்சு உங்க டிப்போவுக்கு அனுப்புவேன்."

அவன் பையைத் தோளில் மாட்டினான். வாசலில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தான். காலி. ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சமையலறைக்குப் போய், பானையைத் திறந்து, பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தான்.

"மூடி இறுக்கு," என்றாள். "பஸ்ல கொட்டும்."